நோவாவுக்கும் கிருபை கிடைத்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கடவுள் மனித வரலாற்றை ஏழு காலங்களாகப் பிரித்து, காலத்துக்கு ஒரு முறைமை வைத்து நடத்துகிறார் என்றும், இதைத் திருச்சபை ஆதிமுதல் போதித்துவருகிறது என்றும் எழுதியிருந்தார்கள். முதல் பாதி ஒரு சாரார் தரும் விளக்கம். இரண்டாம் பாதி தவறு.

நானே அதைப் போதித்தவன். எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் காடாத் துணியில் ஏழு வட்டம் வரைந்த படம் ஒன்று தொங்கும். குற்றமற்ற நிலை, மனச்சாட்சி, மனித அரசு, வாக்குத்தத்தம், மோசேயின் நியாயப்பிரமாணம், கிருபை, கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சி. ஒரு ஞாயிறு ஆறாவது வட்டத்தில் குச்சியை வைத்து, "கிருபையின் காலம் சிலுவையில்தான் தொடங்குது" என்றேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "சார், ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்திலேயே கிருபை வருதே?" வரியில் விரலை வைத்து வாசித்தாள்: "நோவாவுக்கோ, கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது." என் படத்தில் நோவா இருந்தது இரண்டாவது வட்டத்தில். "அடுத்த வாரம் சொல்றேம்மா" என்று உட்காரவைத்தேன். அந்த அடுத்த வாரத்துக்காகப் படிக்கத் தொடங்கியவன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏழு காலப் பகுப்பு முறையாக உருவெடுத்தது 19-ஆம் நூற்றாண்டில், 'பிரதரன்' என்ற சபைப் பிரிவின் போதகர் ஜான் நெல்சன் டார்பி காலத்தில். அதை உலகெங்கும் கொண்டுபோனது, 1909-ல் அமெரிக்கர் ஸ்கோஃபீல்டு அடிக்குறிப்புகளோடு வெளியிட்ட வேதாகமம். வசனமும் குறிப்பும் ஒரே பக்கத்தில் இருந்ததால், குறிப்பையும் வேதமாகவே படித்துப் பழகிவிட்டோம்.

கடவுள் காலத்துக்குக் காலம் வேறுவிதமாக நடந்துகொண்டது ஏன் என்ற கேள்வி மட்டும் மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர், பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசுவின் பிதா வேறு என்றார். லியோன் நகரப் பேராயர் இரேனியு அதை மறுத்து எழுதினார். தாயால் குழந்தைக்குக் கெட்டியான உணவு கொடுக்க முடியும், வாங்கிக்கொள்ளக் குழந்தையால்தான் முடியாது. கடவுளும் மனிதர் வளர வளரக் கொடுத்தார் என்பது அவர் சொன்ன விளக்கம். குறை கொடுப்பவரிடம் இல்லை. 1646-ல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய இறையியலாளர்களும் கிருபையின் உடன்படிக்கை ஒன்றே, அது நிர்வகிக்கப்பட்ட விதம்தான் காலத்துக்குக் காலம் வேறுபட்டது என்று எழுதிவைத்தார்கள். ஏழு காலம் சொல்வோரிலும் இன்று பலர், எக்காலத்திலும் மீட்பு கிருபையால்தான் என்று ஒப்புக்கொள்கிறார்கள். தங்கள் கட்டுரையில் அந்த ஒரு வரிகூட இல்லை.

காலங்களின் ஒழுங்கைச் சொல்ல, எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில் வரும் கிரேக்கச் சொல் 'ஒய்கொனோமியா', வீட்டை நிர்வகித்தல். அந்த வேலையைச் செய்பவருக்கு நம் பழைய தமிழ் வேதாகமம் லூக்கா 16-ல் வைத்த பெயர் உக்கிராணக்காரன். அந்தச் சொல்லைப் பார்த்ததும் என் அப்பாதான் கண்முன் வந்தார். எங்கள் சபையின் பொது விருந்தான அசனத்துக்கு, சாமான் அறையைக் காக்கும் உக்கிராணம் அவர்தான். முந்தின ராத்திரியே அரிசி, பருப்பு, தேங்காய், வெல்லம் எல்லாம் அறைக்குள் வந்துவிடும். சாவி அவர் இடுப்பில். விடியுமுன் காய் நறுக்குகிறவர்களுக்குக் காய் போகும். உலை கொதித்த பிறகுதான் அரிசி. பாயசத்துக்கு எடுத்துவைத்த வெல்லத்துக்குக் கையேந்தி நின்றால், "பந்தி உட்காரட்டும்லே" என்பார். கேட்ட நேரத்தில் கிடைக்காததை, இல்லை என்று நாங்கள் நினைத்ததில்லை. எபிரெயர் நிருபம் "பங்குபங்காகவும் வகைவகையாகவும்" தேவன் பேசினார் என்று தொடங்குவது, அப்பாவை நினைத்தால்தான் எனக்கு விளங்குகிறது. ஆபிரகாமுக்கு ஒரு பங்கு, மோசேக்கு ஒரு பங்கு. அறை ஒன்றுதான், சாவியும் ஒன்றுதான்.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் உண்டு. கட்டுரை வந்த அன்று மாலை எங்கள் தெருவில் ஒரு தாய் பத்திரிகையோடு வந்தார். ஆறாம் காலம் முடியும் தறுவாயில் இருப்பதற்கு மேற்காசியப் போர்ச் செய்திகளே சாட்சி என்ற பத்தியைக் காட்டி, "மகளை நர்சிங்கில சேர்க்கவா வேண்டாமா சார்?" என்று கேட்டார். அவர் கை நடுங்கியது. அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன்: "பிதாவானவர் தம்முடைய ஆதீனத்திலே வைத்திருக்கிற காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல." இயேசுவே சொன்ன பதில் அது. கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்றும் கேட்டேன். வெள்ளிக்கிழமையாம்.

'திருச்சபை ஆதிமுதல் போதித்துவரும்' என்ற சொற்களுக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். முடிந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன்பே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை