இடிக்க வேண்டாம், வாசிகசாலை ஆக்குங்கள்

ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் வீதியோரத்துப் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துக் கடைத்தொகுதி கட்டப்போவதாகக் கேள்வி. சுண்ணாம்புச் சுவர் ஒரு முழ அகலம். கூரையின் முதிரை மர வளைகளில் ஷெல் சிதறல் தைத்த வடுக்கள் உண்டே தவிர, செல்லரிப்பு இல்லை. ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் எடுத்த எடுப்பிலேயே மாளிகையில் பிறக்கவில்லை. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை. இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையோடு எழுந்த கட்டடம் திறக்கப்பட்டது 1959இல்தான். 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்தது. பிறகு அதே இடத்தில் புதுப்பித்துத் திறந்தார்கள்.

நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். இப்போது சனசமூக நிலையத்து மூலையில் இரண்டு அலுமாரிகள்தான் நூலகம். கடைசியாக வந்த பொதியை எலிதான் முதலில் வாசித்தது! சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு உட்கார இடமில்லை.

உடைந்த ஓடுகளை மாற்றி, மின்விசிறி பூட்டி, நாலு வாங்கு போட்டால் போதும். கடைத்தொகுதிக்கு என்றால், பின்னால் உள்ள அரச காணி பற்றை மண்டித்தான் கிடக்கிறது.

ஓய்வுபெற்ற தபாலதிபர்,
கிளிநொச்சி மாவட்டம்.