கண்நீரோட்ட அளவீட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

டிமோலால் என்ற கண் அழுத்தச் சொட்டு மருந்து கண்ணுக்குள் சுரக்கும் நீரை எவ்வளவு குறைக்கிறது என்று பார்த்த நம் ஆய்வில், கடைசி அளவும் நேற்று மதியம் எடுத்தாயிற்று.

முதல் நன்றி காத்திருப்பு அறை ஆயாம்மாவுக்கு. அவர் செய்தது, யாரையும் தூங்க விடாததுதான். அற்பமாகத் தெரியலாம். விழித்திருக்கும் காலையில் கண்ணின் முன்னறைக்குள் (கருவிழிக்குப் பின்னால் உள்ள இடம்) நிமிடத்துக்குச் சுமார் 2.5 முதல் 3 மைக்ரோலிட்டர் நீர் சுரந்து வருகிறது (கண்ணீர் வேறு, இது வேறு). தூங்கினால் ஏறக்குறையப் பாதியாகிவிடும். டிமோலால் குறைப்பது பகல் சுரப்பைத்தான், தூக்கத்தில் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. ஆகவே ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் சொட்டு போட்ட நாளில் ஒருவர் கண்ணயர்ந்தால், மருந்துக்கும் வெறும் சொட்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று கணக்கு வரும். மருந்து நாளில் அயர்ந்தாலோ, தூக்கம் செய்ததும் மருந்தின் பேரில் ஏறும்.

அளவெடுக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி 5 நிமிட இடைவெளியில் ஃப்ளோரசின் என்ற சாயச் சொட்டுகள். சாயம் கருவிழியில் ஊறி முன்னறைக்கு இறங்கிப் பரவ மணிக்கணக்காகும். காலையில் மணிக்கொரு தரம், இரண்டு இடத்திலும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கருவி பார்க்கும். குறையும் வேகத்திலிருந்துதான் நீரோட்டக் கணக்கு. இடைப்பட்ட நேரத்தில், வேலூர் வெக்கையில், மின்விசிறிக்கடியில் யாருக்குத்தான் சொக்காது? ஆயாம்மா தாயக்கட்டம் வரைந்தார். குடியாத்தத்துக்காரரும் ஆற்காட்டுப் பாட்டியும் சண்டை போட்டுக்கொண்டு ஆடினார்கள். கண்ணைத் தேய்த்தவருக்கு ஒரு ஆட்டம் கிடையாது என்ற சட்டமும் ஆயாம்மா போட்டதே. தேய்த்தால் கருவிழியின் மேல்தோல் சிராயும், சாயம் நகரும் வேகம் மாறும். கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டும் கண் அழுத்தம் பார்க்கும் அழுத்தமானியும் கடைசி அளவுக்கு அப்புறமே வருவது இதனால்தான்.

இமையில் ஒட்டிய சாயத்தை ஈரப்பஞ்சால் துடைத்தனுப்பிய வீட்டார்களுக்கும் (விட்டிருந்தால் கண்ணீரில் கரைந்து பொய் உச்சம் காட்டியிருக்கும்), டிமோலாலை நிறுத்திய 4 வாரமும் தவறாமல் அழுத்தம் பார்க்க வந்தவர்களுக்கும், காட்பாடியிலிருந்து விடியலில் ஏற்றிவந்த ஆட்டோ அண்ணன்களுக்கும், மின்சாரம் போனபோது ஜெனரேட்டர் தந்த பக்கத்துக் கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த சுற்று டார்சொலமைடு என்ற இன்னொரு கண் அழுத்தச் சொட்டு மருந்து. செலவுப் பட்டியலில் கருவி, சாயம் வரிகளுக்குக் கீழே ‘காத்திருப்பு அறைக் கவனிப்பாளர், தினக்கூலி’ என்று ஒரு வரி ஏறிவிட்டது. ஆயாம்மா, நீங்கள் வர மறுத்தால் மட்டுமே வேறு ஆளைத் தேடுவோம்.