படகில் ஷவர் ட்ரே: வீட்டுக் கணக்கு செல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

குளியலறை புதுப்பிப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதை அப்படியே படகில் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் ஷவர் ட்ரேயில், அதாவது ஷவருக்கு அடியில் தரையில் பதிக்கும் தட்டில், விழும் தண்ணீர் தானாக வடிந்துவிடும். படகில் ட்ரே பெரும்பாலும் வெளி நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் பம்ப் வைத்து இறைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். முடியும் சோப்பும் சேர்ந்து பம்பை அடைக்கும், எனவே முன்னால் ஒரு வடிகட்டி, அதைக் கழற்றக் கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. அந்தத் திறப்பைத்தான் நான் விடவில்லை. அப்புறம் என்ன, பம்ப் அடைத்ததும் ஒட்டிய ட்ரேயை உளியால் நெம்ப, ஓரம் டக்கென்று விரிசல் விட்டது.

ரசமட்டத்தையும் முழுசாக நம்பாதீர்கள். தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும்போது படகுக்கு ஒரு சாய்வு, காலியானால் வேறு சாய்வு. நாம் ஓர் அடி நகர்ந்தாலே குமிழி ஓடும்!

படகு லேசாக வளைந்து கொடுக்கும், ஆகவே ட்ரே ஓரத்தில் டைல்ஸ் கிரவுட் (டைல்ஸ் இடுக்கில் பூசும் சிமென்ட் பூச்சு) நிற்காது, ரப்பர் போல வளையும் சிலிகான் பசைதான் சரி. இரண்டாவது ட்ரேக்கு அடியில் முழுக்க மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) கொடுத்து, ட்ரேயில் தண்ணீர் நிரப்பி, பாரத்தில் அது இறங்கிய பிறகே சிலிகான் போட்டேன், அது காயும்வரை ட்ரேயில் இருந்த தண்ணீரை வெளியேற்றவில்லை. இதுவரை கசிவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்