அந்த 1.4 நானோமீட்டர்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மைக்காமேல் உரித்து ஒட்டிய மாலிப்டினம் டைசல்ஃபைடு படிகம் ஏஎஃப்எம்மில் (ஊசியால் வருடி உயரம் அளக்கும் அணுவிசை நுண்ணோக்கி) 1.4 நானோமீட்டர் உயரம் காட்டுகிறது, ராமன் நிறமாலையோ (சிதறும் லேசர் ஒளியை அளப்பது) ஒற்றையடுக்கு என்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருந்தாய். ராமனைத்தான். அதன் இரண்டு முகடுகளுக்கும் இடைவெளி 18-19 செ.மீ⁻¹ என்றால் ஒற்றைதான். இரட்டையடுக்காக இருந்தால் 21-22க்குப் போயிருக்கும்.

மிச்ச உயரம் பெரும்பாலும் தண்ணீர். படிகத்தின் ஓரடுக்குக்கு 0.65 நானோமீட்டர். அடியில் சிக்கும் நீரடுக்கு ஒன்றுக்கு 0.37, 2010இல் மைக்காவைக் கிராஃபீனால் (ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாள்) போர்த்தி அளந்த எண் அது. நீர் இரண்டடுக்கு என்றால் மொத்தம் 1.39. கணக்கு இவ்வளவு ஒத்துப்போகிறதே என்று மயங்கிவிடாதே. ஊசி மேற்பரப்பைத் தட்டித்தட்டிச் செல்லும் முறையில் மைக்காவோடும் படிகத்தோடும் அது ஒரே மாதிரி உறவாடாது; அதிலேயே சில ஆங்ஸ்ட்ராம் (ஒன்று 0.1 நானோமீட்டர்) பொய்யாக வரும். விளிம்பை விட்டுவிட்டுப் படிகத்தின் மேற்பரப்பையே ஸ்கேன் செய். தீவு தீவாக 0.37 படிகள் தெரிந்தால் சந்தேகமில்லை. அங்கே படியின் இருபுறமும் ஊசி தொடுவது ஒரே பொருளை.

கிராஃபீனுக்கு மாறும்போது இதே நீர் மின்னூட்டத்தில் கைவைக்கும். காய்ந்த மைக்கா கிராஃபீனில் துளைகளை (ஓட்டையல்ல, எலக்ட்ரான் இல்லாத நேர்மின்னூட்ட இடங்கள்) ஏற்றும். நடுவில் நீரடுக்கு புகுந்தால் அந்தப் பரிமாற்றம் தடைபடும். ஒரே துண்டில் நீருள்ள இடமும் இல்லாத இடமும் இருந்தால் கிராஃபீனின் ராமன் முகடுகளில் (ஜி, 2டி) ஜி முகடு இடத்துக்கு இடம் நகரும். அதை இழுவிசை (தாள் இழுபட்டதால் வந்தது) என்று எழுதிவிடாதே. 2டி, ஜி இரண்டின் இடங்களையும் ஒரே வரைபடத்தில் போடு: சாய்வு 2.2க்குப் பக்கத்தில் வந்தால் இழுவிசை, 0.7 என்றால் துளைகள்.

சூடாக்கி விரட்டலாமே என்பாய். அவசரப்படாதே. நீர் விளிம்பு வழியே போகும், ஹைட்ரோகார்பன் அழுக்கு போகாது; திரண்டு குமிழியாக நிற்கும். சிலிக்காமேல் இருக்கும் கிராஃபீன் சூடாக்கியபின் அடித்தளத்தோடு இறுகிப்படியும், காற்றுப் பட்டதும் முன்னைவிட அதிகமாகத் துளைகளை ஏற்றிக்கொள்ளும். சூடாக்கினால் வெற்றிடத்திலிருந்து எடுக்காமலே அளந்துவிடு.

"குமிழி சின்னதுதானே" என்று எழுதியிருந்தாயே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கிராஃபீன் குமிழியில் உயரத்தை ஆரத்தால் வகுத்தால் சுமார் 0.11, அளவு மாறினாலும் இது அநேகமாக மாறாது. இழுவிசை இந்த விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே சின்னக் குமிழியும் பெரியதற்குச் சளைக்காமல் இழுக்கும். உள்ளழுத்தமோ சின்னதில்தான் அதிகம்.

அடுத்த மாதிரிக்கு, மைக்காவைக் கையுறைப் பெட்டிக்குள்ளேயே (ஈரமும் காற்றும் புகாத அடைபெட்டி) பிளந்து அங்கேயே ஒட்டு. வெளியே பிளந்தால் டேப்பை எடுப்பதற்குள் ஈரம் படிந்துவிடும். மாதிரியைப் போரான் நைட்ரைடு படிக அடுக்குகளுக்கு நடுவில் வைப்பதானால் 110 டிகிரி வாக்கில், ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக இறக்கு. குமிழிகள் முன்னால் தள்ளப்படும்.

மேற்பரப்புப் படத்தை அனுப்பு. ஸ்கேன் செய்தபோது இருந்த ஈரப்பதத்தையும் குறித்து அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்