லீவ்ஸ் தோல்வியும் மூன்றாம் வரிசையும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் பனி ஹொக்கி அணியின் 2024-25 பருவத்தைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். கிரிக்கெட்டுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் ஒதுக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நம் பத்திரிகைகள் ஹொக்கிக்குத் தருவதில்லை என்பதால், அப்படி ஒரு கட்டுரை வந்ததே எனக்கு மகிழ்ச்சிதான். எனினும் அதில் சொல்லப்பட்ட மூன்று விடயங்கள் என்னை எழுதத் தூண்டின. இந்த அணிக்கு ஏதோ சாபம் பிடித்திருக்கிறது என்பது ஒன்று. நட்சத்திர முன்கள வீரர் மிட்ச் மார்னர் போய்த் தொலைந்ததால் இனி நல்ல காலம் பிறக்கும் என்பது இன்னொன்று. இருபது ஆண்டுகளாக இந்த அணி பிளேஓஃபில், அதாவது பருவ முடிவில் ஸ்ரான்லி கிண்ணத்துக்காக நடக்கும் ஆட்டங்களில், ஒரு சுற்றைக்கூட வெல்லவில்லை என்பது மூன்றாவது. முன்னைய இரண்டும் கட்டுரையாளரின் கருத்துகள். அவற்றோடு நான் உடன்படாவிட்டாலும் சொல்வதற்கு அவருக்கு உரிமை உண்டு. மூன்றாவது தகவல் பிழை. 2004இல் ஒட்டாவாவை வென்ற பின்னர் நெடுங்காலம் காத்திருந்தது உண்மையே, ஆனால் 2023இல் ரம்பா பே அணியையும், 2025இல் மீண்டும் ஒட்டாவாவையும் ஆறு ஆட்டங்களில் வென்று லீவ்ஸ் அடுத்த சுற்றுக்குச் சென்றது. அருள்கூர்ந்து திருத்தம் வெளியிடுங்கள்.

கட்டுரை நான்கே வரிகளில் கடந்து சென்ற 82 ஆட்டங்களையும் சற்று நின்று பார்க்க வேண்டும். 52 வெற்றி, 26 தோல்வி, மேலதிக நேரத்திலோ அதற்குப் பின்னரோ இழந்தவை 4, மொத்தம் 108 புள்ளிகள் என்று அத்திலாந்திக் பிரிவில் லீவ்ஸ் முதலிடம் பெற்றது. அதே பிரிவில்தான் 2020இலும் 2021இலும் கிண்ணத்தை வென்ற ரம்பா பேயும், 2024இல் வென்ற புளோரிடா பாந்தர்ஸும் இருக்கின்றன. இரண்டும் லீவ்ஸுக்குக் கீழேதான் முடித்தன. முந்தைய பருவத்தில் 69 கோல் போட்ட ஓஸ்ரன் மத்யூஸ் காயங்களால் 67 ஆட்டங்களில் மட்டுமே ஆடி 33 கோல்தான் போட்டார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த முதலிடம் எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி தானாகவே எழும். வில்லியம் நைலாண்டரின் 45 கோல்களும், ஜோன் ரவாரெஸின் 38 கோல்களும், மார்னரின் 102 புள்ளிகளும் (அவர் போட்ட கோல்களும் பிறர் கோலுக்குச் செய்த உதவிகளும் சேர்ந்த எண்ணிக்கை) விடையின் ஒரு பாதி. மறுபாதி பின்களத்தில் இருந்தது. 2019இல் சென். லூயிஸ் அணியைக் கிண்ணம்வரை கொண்டு சென்ற கிறெய்க் பெரூபி பயிற்றுநராக வந்து, அழகான ஆட்டத்தை விட்டுக்கொடுத்தாவது எதிரணிக்கு இடம் கொடாத ஆட்டத்தைப் பழக்கினார். பாய்ந்து விழுந்து ‘பக்’ எனும் றப்பர் வட்டைத் தடுப்பதையே தொழிலாகக் கொண்ட கிறிஸ் ரனெவ் வந்து சேர்ந்தார். புளோரிடாவில் இரண்டாம் நிலைக் கோல் காப்பாளராக இருந்த அந்தனி ஸ்ரோலார்ஸ் இங்கு வந்து முதல் நிலைக்கு உயர்ந்தார். கடந்த பத்து ஆண்டுகளில் நான் பார்த்த லீவ்ஸ் அணிகளில் கோல் வாங்குவதற்கு வெட்கப்பட்ட அணி இதுவே.

அப்படியானால் 2025 மே மாதத்தில் என்ன நடந்தது? இரண்டாம் சுற்றில் புளோரிடாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தை 5-4, இரண்டாவதை 4-3 என்று வென்று, மூன்றாவதிலும் தொடக்கத்தில் 2-0 என்று முன்னணியில் இருந்த அணி அது. முதலாவது ஆட்டத்தில் சாம் பென்னெட்டின் முழங்கை தலையில் பட்டு ஸ்ரோலார்ஸ் வெளியேற நேர்ந்ததைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. அதற்குத் தண்டனையும் கொடுக்கப்படவில்லை. இதைச் சாக்காகச் சொல்ல நான் வரவில்லை, ஏனெனில் மாற்றுக் காப்பாளர் ஜோசப் வோல் தன்னால் இயன்றதைச் செய்தார். ஆறாவது ஆட்டத்தில், புளோரிடாவின் சொந்த அரங்கிலேயே, இரண்டு பகுதிகள் முடிந்தும் எவரும் கோல் போடாத நிலையில் மத்யூஸ் வலையைத் திறக்க, 2-0 என்று வென்று தொடரை அதன் கடைசியான ஏழாவது ஆட்டத்துக்கு இழுத்து வந்தபோது வோல் ஒரு கோலையும் உள்ளே விடவில்லை.

மே 18ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவில் நடந்த ஏழாவது ஆட்டத்தில் முதற்பகுதி கோலின்றி முடிந்தது. இரண்டாம் பகுதியில் சேத் ஜோன்ஸ், அன்ரன் லுண்டெல், ஜோனா காட்ஜோவிச் ஆகிய புளோரிடா வீரர் மூவரும் ஆளுக்கொரு கோல் போட்டனர். மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் லீவ்ஸின் மக்ஸ் டோமி ஒன்றைத் திருப்பிப் போட்டு அரங்கம் மூச்சு விடத் தொடங்கியபோதே, ஒரு நிமிடமும் ஆவதற்குள் ஏற்று லுவோஸ்ராரினென் நான்காவதைப் போட்டார். பிறகு சாம் ரைன்ஹார்ட், கடைசியில் காப்பாளரற்ற வலைக்குள் பிறாட் மார்ஷாண்ட். முடிவு 6-1. நான்கு நாட்களுக்கு முன்னர் இதே அரங்கில் நடந்த ஐந்தாவது ஆட்டமும் இதே 6-1 தான். ரசிகர்கள் சிலர் தாம் காசு கொடுத்து வாங்கிய சட்டைகளையே கழற்றிப் பனியில் வீசியதை எல்லோரும் பார்த்தோம்.

கட்டுரையாளர் அந்த ஆறு கோல்களின் எண்ணிக்கையைத்தான் எழுதினார். அவற்றைப் போட்டவர்களின் பெயர்களை அவர் பார்த்திருந்தால் சாபத்தைத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை. ஆறு கோல், ஆறு பேர். லுண்டெல், லுவோஸ்ராரினென், மார்ஷாண்ட் மூவரும் புளோரிடாவின் மூன்றாம் வரிசை. காட்ஜோவிச் நான்காம் வரிசை. ஜோன்ஸ் பின்கள வீரர். முதல் வரிசை நட்சத்திரம் என்று சொல்லத்தக்கவர் ரைன்ஹார்ட் ஒருவரே. ஹொக்கியில் ஒரு வரிசை பனியில் முக்கால் நிமிடம் ஆடி ஓய்வெடுக்கப் போக அடுத்த வரிசை இறங்கும். அறுபது நிமிட ஆட்டத்தில் மிகச் சிறந்த வீரருக்கும் ஏறத்தாழ இருபது நிமிடமே கிடைக்கும். மிச்ச நாற்பது நிமிடத்தை யார் ஆடுகிறார்கள் என்பதில்தான் பிளேஓஃப் தீர்மானிக்கப்படுகிறது. எதிரணியின் முதல் வரிசையை நம்முடைய நல்ல பின்கள வீரர்கள் கட்டிப்போட்டு விடலாம். நம்முடைய முதல் வரிசையை அவர்களும் கட்டிப்போடுவார்கள். அதற்கப்பால் இருக்கும் ஆட்களைக் கொண்டுதான் வெல்ல வேண்டும். லீவ்ஸ் சொந்த அரங்கில் 6-1 என்று தோற்ற அந்த இரண்டு ஆட்டங்களிலும் போட்ட கோல்கள் மொத்தம் இரண்டு. இரண்டையும் போட்டவர்கள் மத்யூஸ், நைலாண்டர், ரவாரெஸ், மார்னர் என்ற பெரிய நால்வரில் எவரும் அல்லர். நால்வருக்கும் அப்பால் அதற்கு மேல் போட ஆளும் இருக்கவில்லை.

ஏன் இல்லை என்பதற்குக் கணக்கே விடை சொல்லும். அந்தப் பருவத்தில் ஓர் அணி தன் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய சம்பள உச்சவரம்பு 88 மில்லியன் அமெரிக்க டொலர். மத்யூஸுக்கு 13.25 மில்லியன், நைலாண்டருக்கு 11.5, ரவாரெஸுக்கு 11, மார்னருக்கு 10.9. நான்கு பேருக்கே 46 மில்லியனுக்கு மேல், அதாவது பாதியிலும் அதிகம். எஞ்சிய பாதியை வைத்துக்கொண்டு இரண்டு காப்பாளர்களையும், ஆறு ஏழு பின்கள வீரர்களையும், மூன்றாம் நான்காம் வரிசைகளையும் நிரப்ப வேண்டும். நாலு பேருக்கு விருந்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய வீடு இது. இதை வடிவமைத்தவர்கள் வீரர்கள் அல்லர், நிர்வாகத்தினர். பதினொரு பருவங்கள் நிர்வாகத் தலைவராக இருந்த பிறென்டன் ஷனஹானின் ஒப்பந்தம் மே மாதத்தில் புதுப்பிக்கப்படாமல் விடப்பட்டதற்கும் இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இனி மார்னர். மார்க்கத்தில் பிறந்து, 2015ஆம் ஆண்டுப் புதிய வீரர் தெரிவில் நான்காவதாக இந்த அணியால் எடுக்கப்பட்டு, ஒன்பது பருவங்கள் ஆடியவர். நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் ஊரின் பிள்ளை என்பதாலோ என்னவோ, அவர்மீதான ஏச்சும் நம் வீடுகளில் சற்று உரிமையோடுதான் விழுந்தது. முக்கியமான ஆட்டங்களில் அவர் காணாமற்போனார் என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஏழாவது ஆட்டத்தில் அவரைத் தேடத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஆட்டத்தில் மத்யூஸையும் தேடினோம், நைலாண்டரையும் தேடினோம். பதின்மூன்று பிளேஓஃப் ஆட்டங்களில் மார்னர் எடுத்தது பதின்மூன்று புள்ளிகள். ஜூன் 30ஆம் திகதி அவர் எட்டு ஆண்டு, 96 மில்லியன் ஒப்பந்தத்தோடு வேகாஸுக்குப் போனபோது இங்கு பதிலாக வந்தவர் நிக்கொலா றுவா. கிண்ணம் வென்ற 2023ஆம் ஆண்டு வேகாஸ் அணியில் ஆடியவரும், கீழ் வரிசை நடுக்கள வீரராக நம்பத்தக்கவருமான அவர் 102 புள்ளி எடுப்பவர் அல்லர். போனவரைத் தூற்றுவதற்கு முன்னர் அந்த 102 புள்ளிகள் எங்கிருந்து வரும் என்று கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

சாபத்துக்கு வருகிறேன். 1967இல் லீவ்ஸ் கடைசியாகக் கிண்ணம் வென்றபோது இந்த லீக்கில் இருந்தவை ஆறே அணிகள். இரண்டு சுற்று வென்றால் போதும். இன்று 32 அணிகள், நான்கு சுற்றுகள். எல்லா அணிகளும் சமபலம் என்று வைத்தாலும் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒரு நகரத்துக்கு முறை வரும். அதற்கு மேலான காலத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டுமென்றால், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் உரிமையாளர் ஹரோல்ட் பலார்டின் கையில் அணி பட்ட பாட்டை முதலில் கேட்க வேண்டும். 2013 முதல் 2025 வரை ஏழாவது ஆட்டத்துக்குச் சென்ற ஏழு தொடர்களையும் லீவ்ஸ் இழந்திருப்பதைச் சிலர் விதி என்கிறார்கள். அந்த ஏழில் ஐந்து தடவை எதிர்ப்பக்கத்தில் நின்றவர் ஒரே ஆள்: நான்கு முறை பொஸ்ரன் சட்டையிலும், இம்முறை புளோரிடா சட்டையிலும், பிறாட் மார்ஷாண்ட். வீரர் பரிமாற்றத்தின் கடைசி நாளான மார்ச் 7ஆம் திகதி பொஸ்ரன் தன் ஆட்களை விற்கத் தொடங்கியபோது லீவ்ஸ் அங்கிருந்து வாங்கியது பின்கள வீரர் பிறண்டன் கார்லோவை. அதே நாளில் புளோரிடா அங்கிருந்து வாங்கியது மார்ஷாண்டை. மூன்றாவது ஆட்டத்தில் மேலதிக நேரத்தில் 5-4 என்று முடித்துத் தொடரின் போக்கைத் திருப்பியவரும் அவரே. முப்பத்தேழு வயதை நெருங்கிய வீரரை மூன்றாம் வரிசைக்கு எடுத்துத் தொடரை வெல்லலாம் என்று ஒரு நிர்வாகத்துக்குத் தோன்றியது, மற்றதற்குத் தோன்றவில்லை. ஜூனில் எட்மன்டனை ஆறு ஆட்டங்களில் வென்று கிண்ணத்தை இரண்டாம் முறையாகத் தொடர்ந்து எடுத்ததும் புளோரிடாதான்.

இதை எழுதும் எனக்கும் சாபத்தை நம்பிய ஒரு காலம் உண்டு. 1993இல், இந்நாட்டுக்கு வந்து சில பனிக்காலங்களே கடந்திருந்த நிலையில், லொஸ் ஏஞ்சலிஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் வெய்ன் கிறெட்ஸ்கி மூன்று கோல் போட்டு 5-4 என்று லீவ்ஸை வெளியேற்றியதை, வாடகை அறையொன்றில் ஆறு பேர் ஒரே கதிரையைச் சுற்றி அமர்ந்து பார்த்தோம். ஆறாவது ஆட்டத்தில் அவருடைய மட்டை லீவ்ஸ் வீரர் டக் கில்மரின் முகத்தில் பட்டும் நடுவர் பாராமல் விட்டதையே ஓர் ஆண்டு முழுக்கத் தொழிற்சாலை மதிய இடைவேளைகளில் பேசினோம். கிறெட்ஸ்கி நன்றாக ஆடினார் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் சொல்ல வாய் வரவில்லை.

2025-26 பருவத்தில் உச்சவரம்பு 95.5 மில்லியனாக உயர்ந்தது. மார்னரின் சம்பளம் கணக்கிலிருந்து நீங்கிவிட்டது. ரவாரெஸ் 11 மில்லியனிலிருந்து 4.38 மில்லியனுக்கு இறங்கி நான்கு ஆண்டுகள் தங்க ஒப்புக்கொண்டிருக்கிறார். இது கட்டுரையில் ஒரு சொல்லாவது பெற்றிருக்க வேண்டிய செய்தி. இளம் முன்கள வீரர் மத்தியூ நைஸுக்கான சம்பள உயர்வு போகவும் கணிசமான பணம் கையில் இருந்தது. ஒக்டோபரில் ஆட்டங்கள் தொடங்கும்போது, மத்யூஸ் எத்தனை கோல் போட்டார் என்பதோடு நிறுத்தாமல், மூன்றாம் வரிசையில் யார் இறங்குகிறார்கள், அவர்கள் இறங்கும் நிமிடங்களில் கோல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் தங்கள் விளையாட்டுப் பக்கம் வாரத்துக்கு ஒருமுறையாவது எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ.