டெல்டா நூலகங்களுக்கு ஒரு திறந்த மடல்: மாசம் ஒரு உலக சினிமா போடுங்க

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட நூலக அலுவலர்களுக்கும், மைய நூலகத்துலேர்ந்து ஊர்ப்புற நூலகம் வரைக்கும் வேலை பாக்கற நூலகர் சார், மேடம் எல்லாருக்கும், வாசகர் வட்டத்துக்காரங்களுக்கும் வணக்கம்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்க ஹால்ல ஒரு உலக சினிமா போடுங்க, தமிழ் சப்டைட்டிலோட.

லைப்ரரில சினிமா எதுக்குன்னு ஒரு ஆபீஸ்ல என்கிட்ட கேட்டாங்க. பதில் நம்ம மண்ணுலயே இருக்கு. இந்திய நூலகத் துறையோட தந்தைன்னு நாம கொண்டாடற எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழில 1892ல பொறந்தவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதுக்கான வாசகர்னு 1931ல எழுதி வெச்சார். அதே வருஷம் மன்னார்குடி பக்கத்துல மேலவாசல்ல கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டில புத்தகத்த ஏத்தி ஊர் ஊரா அனுப்பினார், அந்த நடமாடும் நூலகத்த தொடங்கி வெச்சவரும் ரங்கநாதன்தான். வாசகன் தேடி வரட்டும்னு உக்காந்திருக்காம அவன் தெருவுக்கே புத்தகம் போச்சு. இன்னிக்கு அப்படிப் போக வேண்டியது சினிமா.

போன்லயே எல்லாம் கிடைக்குதேன்னு சொல்வீங்க. கிடைக்குது, ஆனா பேர் தெரிஞ்சாத்தான் கிடைக்கும். நேத்து எத பாத்தோமோ அதே மாதிரி இன்னும் பத்த தான் போன் காட்டும். செனகல்லயோ ஈரான்லயோ நம்ம வாழ்க்கை மாதிரியே ஒண்ண எடுத்து வெச்சிருக்காங்கன்னு அது வலிய வந்து சொல்லாது, ஒரு மனுஷன்தான் சொல்லணும். எனக்கு அத சொன்னது ஆனந்த விகடன்ல செழியன் எழுதின உலக சினிமா தொடர், அதையும் நான் படிச்சது எங்க ஊர் கிளை நூலகத்துல பைண்டு பண்ணி வெச்சிருந்த இதழ்கள்லதான், அதனாலதான் இத வேற யார்கிட்டயும் கேக்காம உங்ககிட்ட கேக்கறேன்.

மொதல்ல எத போடறதுன்னா, கனேட்டோ ஷிண்டோ 1960ல எடுத்த ஜப்பான் படம், 'நேக்கட் ஐலண்ட்'. ஒரு குட்டித் தீவு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பசங்க, குடிக்கவோ பயிருக்கோ நல்ல தண்ணி அங்க கிடையாது. பக்கத்துத் தீவுக்குப் படகுல போய் வாளில மொண்டு, தோள்ல காவடி மாதிரி தூக்கி, செங்குத்தான மேட்டுல ஏறி, ஒவ்வொரு செடிக்கா அகப்பையால ஊத்தணும், மறுபடியும் படகுக்குப் போகணும். படம் பூரா இதுதான். வசனம்னு கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, அதனால சப்டைட்டில் வேலையும் இல்ல. தன்னோட சினிமா கம்பெனி மூடற நிலைமைல இருந்தப்ப விரல் விட்டு எண்ணற அளவு ஆளுங்கள வெச்சு ஷிண்டோ எடுத்தது, 1961ல மாஸ்கோ திரைப்பட விழால பெரிய பரிசு வாங்குச்சு.

நாங்க சில பேர் சேர்ந்து இத எங்க தெருவுல ஒரு வெள்ளைச் சுவத்துல போட்டோம், கடைமடை ஊரு எங்களோடது, மேட்டூர் தொறந்து எத்தனையோ நாள் கழிச்சுதான் தண்ணி வரும், அதுவும் முறை வெச்சு. அந்தப் பொம்பள மேட்டுல ஏறும்போது கால் இடறி ஒரு வாளித் தண்ணி கொட்டிரும். அந்த இடத்துல தெருவே மூச்சடங்கின மாதிரி ஆச்சு, எங்க எதிர்வீட்டு ஆச்சி 'ஐயோ கொட்டிட்டாளே'ன்னு சத்தமா சொல்லிட்டாங்க, புருஷன் கன்னத்துல அறையறது அதுக்கு அப்புறம்தான். படம் முடிஞ்சதும் ஆச்சிக்கு யாரும் எதையும் விளக்கல. அவங்கதான் எங்களுக்கு சொன்னாங்க, அவன் அடிச்சது அவள இல்லடா, அந்த ஏத்தத்தன்னு. சரியா தப்பாங்கறது வேற, நான் அவங்க சொன்னத முழுசா ஏத்துக்கல, அடி அடிதான். ஆனா ராத்திரி பத்தரை வரைக்கும் இதப் பத்தி பேச்சு ஓடுச்சு. கலைப்படம்லாம் நம்ம ஜனங்களுக்குப் புரியாதுன்னு சொல்றவங்க அந்தத் திண்ணைல ஒரு நாள் உக்காந்து பாக்கணும்.

ரெண்டாவது எர்மன்னோ ஓல்மியோட இத்தாலிப் படம், 'ட்ரீ ஆஃப் உட்டன் கிளாக்ஸ்', 1978ல பிரான்ஸ்ல கான் திரைப்பட விழால தங்கப்பனைங்கற மொதல் பரிசு வாங்கினது. பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசில ஒரு பண்ணை. நிலம், வீடு, மரம் எல்லாம் பண்ணையாருக்கு, விளைச்சல்லயும் மூணுல ரெண்டு பங்கு அவருக்குத்தான். ஒரு குடியானவன் மவன் ரொம்ப தூரம் நடந்து ஸ்கூலுக்குப் போறான், அவனோட கட்டைச் செருப்பு உடஞ்சிரும். அப்பன் ராத்திரி யாருக்கும் தெரியாம ஒரு மரத்த வெட்டி புதுச் செருப்பு செதுக்கறான். விஷயம் தெரிஞ்சதும் குடும்பத்தையே வெளிய அனுப்பிடறாங்க. நடிச்சவங்க எல்லாம் பெர்கமோ பக்கத்து நெஜ விவசாயிங்க, பேசறது அவங்க வட்டார பாஷை. 1952ல தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த மண்ணு இது, வாரம் குத்தகைன்னா என்னன்னு இங்க யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டாம். மூணு மணி நேரப் படம், நடுவுல டீ குடுங்க.

மூணாவது ரித்விக் கட்டக்கோட வங்காளப் படம், 'திதாஸ் ஏக்தி நதிர் நாம்', 1973ல வந்தது, திதாஸ் ஆத்த நம்பின மீனவங்க, ஆறு மண்மேடாகிப் போனதும் அவங்க வாழ்க்கை என்னாகுதுன்னு. கடைசில ஒருத்தி தண்ணிக்காக ஆத்து மணல கையால தோண்டுவா. கொள்ளிடக்கரைல இருக்கற ஊர்கள்ல இத அவசியம் போடணும். அப்புறம் நம்ம பாஷைலயே 1977ல கேரள இயக்குநர் ஜான் ஆபிரகாம் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை' இருக்கு, தேசிய விருது வாங்கின தமிழ்ப் படம், டெல்டால எத்தனை பேர் பாத்திருக்கோம்? அவரும் நண்பர்களும் 1984ல கோழிக்கோட்டுல ஒடேசான்னு ஒரு குழு ஆரம்பிச்சு ஊர் ஊரா படம் போட்டு, ஜனங்ககிட்ட காசு வசூல் பண்ணியே ஒரு முழுப்படம் எடுத்தாங்க. கேரளால இவ்வளவு பேர் உலக சினிமா பாக்கறாங்கன்னா, 1965ல திருவனந்தபுரத்துல சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டின்னு ஒரு திரைப்பட ரசிகர் சங்கம் ஆரம்பிச்சதுலேர்ந்து வருஷக்கணக்கா யாரோ விடாம படம் போட்டுக்கிட்டே இருந்தாங்கங்கறதுதான் காரணம்.

சட்டச் சிக்கல் வரும்னு தயங்குவீங்க, நியாயம்தான். நம்ம நாட்டுல படத்தோட காப்புரிமை வெளியான அடுத்த வருஷத்துலேர்ந்து 60 வருஷம், அதனால பழைய படங்கள்லேர்ந்து ஆரம்பிக்கலாம். ஜப்பான் பவுண்டேஷன், சென்னைல இருக்கற ஜெர்மன் கலாச்சார மையம் மாக்ஸ் முல்லர் பவன் மாதிரி இடங்கள்ல டிக்கெட் போடாத திரையிடலுக்குப் படம் தர்ற வழக்கம் இருக்கு, புனே திரைப்படக் காப்பகத்துக்கும் எழுதிக் கேக்கலாம். சென்சார் விஷயத்துக்கு வாசகர் வட்டத்தையே ஃபிலிம் சொசைட்டியா பதிவு பண்ணி உறுப்பினர்களுக்கு மட்டும் போடற வழிய விசாரிங்க, 1959லயே சத்யஜித் ரே தலைமைல இந்த மாதிரி சொசைட்டிகளுக்குன்னு ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சாச்சு.

சப்டைட்டில்தான் பெரிய வேலை. இங்கிலீஷ் எழுத்து ரெண்டு செகண்டுல ஓடிப்போயிடும், எங்க தெருவுல பாதிப் பேரு அங்கயே விட்டுடுவாங்க, படம் புரியலங்கறது பெரும்பாலும் இதுதான். தமிழ்ப் பல்கலைக்கழகத்துல மொழிபெயர்ப்புத் துறை இருக்கு, அந்தப் பிள்ளைங்ககிட்ட கேட்டா வருஷத்துக்கு நாலஞ்சு படமாவது பண்ணிக் குடுப்பாங்கன்னு நம்பறேன். மொத வருஷத்துக்கு வேண்டியத நாங்களே உக்காந்து பண்ணித் தர்றோம், ப்ரொஜெக்டரும் ஸ்பீக்கரும் எங்ககிட்ட இருக்கு. நீங்க ஹாலும், கரண்டும், நோட்டீஸ் போர்டுல ஒரு அறிவிப்பும் குடுத்தா போதும். சொத்து வரியோட நூலக வரியும் கட்டற ஜனங்கதான் வந்து உக்காரப் போறாங்க. தை மாசில சம்பா, தாளடி அறுப்பு முடிஞ்சு பங்குனில கை கொஞ்சம் ஓயும், அப்ப ஆரம்பிச்சா கூட்டம் வரும். எந்த நூலகம் முன்னாடி சரின்னு சொல்லுதோ அங்க நேர்லயே வந்து பேசறோம்.