நூந்த வெடியைப் பொறுக்கிற பிள்ளையளும் பற்பசை பூசுற கையளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பொங்கல் வரப்போகுது, கடையளில வெடி தொங்கத் தொடங்கீட்டுது, அதுக்கு முன்னம் இதை ஒருக்காப் பேப்பரில போட்டுவிட்டியள் எண்டால் பெரிய உதவியா இருக்கும். நான் முப்பது வருசத்துக்கு மேல நேர்ஸா வேலை செய்து பென்சன் எடுத்த ஆள், யாழ்ப்பாணம் கோண்டாவிலில இருக்கிறன்.

போன வருசம் பட்டிப் பொங்கல் அண்டு காலமை எங்கட ஒழுங்கையில நடந்ததை முதல் சொல்லுறன். தைப்பொங்கல் அண்டு விடிய பால் பொங்கேக்க எல்லா வீட்டிலையும் சீனவெடி கொளுத்தினது, பெரியாக்கள் பக்கத்தில நிண்டவை, ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. நடந்தது அடுத்த நாள். முன்வீட்டுப் பொடியன், ஒன்பது வயசு, விடிஞ்ச உடன ஒழுங்கையில இறங்கி, அந்தச் சிவப்புக் கடதாசிக் குப்பைக்குள்ள வெடிக்காமல் நூந்து கிடந்த வெடியளைத் தேடிப் பொறுக்கி, ஒவ்வொண்டா முறிச்சு மருந்தைக் கொப்பித் தாளில கொட்டிச் சேர்த்திருக்கிறான், ஒரு பிடியளவு வந்தாப் பிறகு கிட்டக் குனிஞ்சு நெருப்புக்குச்சியைத் தட்டி வைச்சிருக்கிறான். வெடிச் சத்தமே இல்லை, பக் எண்டு ஒரே சுவாலை. வலக்கை மணிக்கட்டு வரைக்கும் எரிஞ்சுது, முகத்தில நாடி எரிஞ்சுது, ஒரு பக்கப் புருவம் பொசுங்கிப் போச்சு.

நான் ஓடிப் போகேக்க அவன்ர அப்பம்மா ஒரு ரியூப் பற்பசையை முழுசாப் பிதுக்கிப் பூசிப்போட்டு விசிறிக்கொண்டு நிக்கிறா. அவவை நான் குறை சொல்லேல்லை, பதறிப்போய்ப் பாசத்தில செய்தது, எங்கட வீடுகளில காலங்காலமா இப்பிடித்தான். ஆனா அந்தப் பற்பசை காஞ்சு வெள்ளையா இறுகி, சூடு உள்ளுக்க அப்பிடியே நிண்டிட்டுது, ஆஸ்பத்திரியில அதைச் சேலைன் விட்டு ஊறவைச்சுக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கேக்க கொப்புளத்துத் தோலும் சேந்து வந்தது, பிள்ளை கத்தின கத்தல் இப்பவும் என்ர காதுக்குள்ள நிக்குது.

சுட்ட இடத்துக்கு முதல் மருந்து தண்ணி. ஓடுற தண்ணி, குளிர்ந்த தண்ணி, 20 நிமிசம். ரெண்டு நிமிசம் நனைச்சிட்டு நிப்பாட்டுறேல்லை, மணிக்கூட்டைப் பாத்து 20 நிமிசம் விடோணும், தோல் மேல ஆறினாலும் உள்ளுக்க சூடு ஆழமாப் போய்க்கொண்டே இருக்கும். உடன செய்ய ஏலாமல் போனாலும் மூண்டு மணித்தியாலத்துக்குள்ள எப்ப விட்டாலும் பலன் இருக்கு. ஒரு விசயம், எங்கட ஊரில கூரைக்கு மேல கறுப்புத் தண்ணித் தாங்கி வெயிலில கிடந்து கொதிக்கும், அந்தப் பைப்பைத் திறந்த உடன கையை வைக்காதேங்கோ, கிணத்தில வாளியால அள்ளி அள்ளி மெல்ல ஊத்துங்கோ, எங்கட கிணத்துத் தண்ணி போதும். ஐஸ் வைக்கக் கூடாது, அது தோலை இன்னும் பழுதாக்கும். தேங்காயெண்ணெய், முட்டை வெள்ளைக்கரு, தேன், மஞ்சள் ஒண்டும் வேண்டாம். சின்னக் குழந்தை எண்டால் சுட்ட இடத்தை மட்டும் நனைச்சு மற்ற உடம்பைப் போர்த்து வைக்கோணும், இல்லாட்டி குளிர் பிடிச்சிடும்.

தண்ணி விடேக்கயே மோதிரம், காப்பு, மணிக்கூடு எல்லாத்தையும் கழட்டுங்கோ, பேந்து வீங்கினால் கழராது. அந்தப் பொடியன்ர கையில கோயில் நூல் கட்டியிருந்தது, வீக்கத்தில நூல் தசைக்குள்ள புதையத் தொடங்கீட்டுது, வெட்டுவம் எண்டு கத்தரிக்கோல் கேட்டால் வீட்டுக்காரர் தயங்கினம். நேந்து கட்டின நூல், எனக்கும் விளங்குது, நானும் கோயிலுக்குப் போற ஆள்தான். ஆனா விரலுக்கு ரத்தம் போகாட்டி விரல் போயிடும் எண்டு சொல்லிப்போட்டு நானே வெட்டினன். அம்மாள் கோவிக்கமாட்டா.

சுட்ட இடத்தில ஒட்டின உடுப்பை இழுத்துப் பிய்க்காதேங்கோ, கொப்புளத்தை உடைக்காதேங்கோ, தோய்ச்சுக் காயவைச்ச பருத்தித் துணியால இறுக்காமல் மூடிக் கொண்டு போங்கோ, பஞ்சு வைச்சால் ஒட்டிக்கொள்ளும். ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) எப்ப போட்டது எண்டு டொக்டரிட்டச் சொல்லுங்கோ. முகம், கை, மூட்டுப் பக்கம் சுட்டால் சின்னக் காயம்தானே எண்டு வீட்டில வைச்சிருக்கக் கூடாது. 1990க்கு அடிச்சால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், நம்பரைச் சுவரில எழுதி வையுங்கோ.

கண்ணில வெடி அடிச்சால் சட்டம் வேற. கசக்கக் கூடாது, அமத்தக் கூடாது, குத்தி நிக்கிறதை இழுக்கக் கூடாது, கண்முழி கிழிஞ்சிருந்தால் கழுவிறதும் கூடாது. ஒரு பிளாஸ்டிக் கப்பை கண்ணில முட்டாமல் மேல கவிட்டு ஒட்டிப்போட்டு நேர கண் டொக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. விரல் துண்டாப் போனால் துண்டை நனைச்ச சுத்தமான துணியில சுத்தி, சொப்பிங் பையில போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணிக்குள்ள வைச்சுக் கொண்டு வரோணும், துண்டை நேர ஐஸில போட்டால் தைக்கேலாது. இதை எழுதவே எனக்கு மனம் கூசுது, சண்டைக் காலத்தில விரல் போன, கண் போன எத்தினை பிள்ளையளைத் தூக்கின கையள் எங்கட, ஒரு சந்தோச நாளில அதே காயத்தைப் பாக்க ஏலாது.

கம்பி மத்தாப்பு பாவம், அது ஒண்டும் செய்யாது எண்டு நினைச்சு மூண்டு வயசுப் பிள்ளையின்ர கையில குடுக்கினம். கொதிக்கிற தண்ணி 100 பாகை, மத்தாப்பின்ர முனை 1000 பாகைக்கும் மேல. நூந்தாப் பிறகும் கம்பி சுடும், அதை முற்றத்தில எறிய வெறுங்காலோட ஓடுற பிள்ளை மிதிக்குது. மண் வாளி ஒண்டு வைச்சு அதுக்குள்ள குத்துங்கோ. குழந்தையை இடுப்பில வைச்சுக்கொண்டு மத்தாப்புப் பிடிக்காதேங்கோ, பிள்ளையளுக்கு நைலோன் சட்டை போட்டுக்கொண்டு வெடிக்கிட்ட விடாதேங்கோ, அது எரிஞ்சு உருகித் தோலில ஒட்டும். சிரட்டைக்குக் கீழயும் பால்மா ரின்னுக்குக் கீழயும் ஆனைவெடி வைக்கிற பழக்கத்தை நிப்பாட்டுங்கோ தம்பிமார், சிரட்டை சிதறினால் ஒவ்வொரு துண்டும் கத்திதான்.

பைப்புக்குள்ள காபைட் கல்லுப் போட்டுத் தண்ணி விட்டு அடிக்கிற வெடி இதைவிட மோசம். தண்ணி பட்ட உடன அசெட்டிலீன் வாயு வரும், மிச்சம் நிக்கிறது சுண்ணாம்பு. வெடிக்கேல்லையே எண்டு குழாய்க்குள்ள எட்டிப் பாக்கேக்க வெடிச்சால் நெருப்பும் சுண்ணாம்பும் சேந்து கண்ணுக்குள்ள போகும். 2025 தீபாவளிக்கு இந்தியாவில போபால் பக்கம் இந்தக் காபைட் துவக்கால கனக்கப் பிள்ளையளுக்குக் கண் பழுதாப் போனது.

முன்வீட்டுப் பொடியனுக்கு இப்ப பேனை பிடிக்க ஏலும். சின்ன விரல்தான் இன்னும் முழுசா நிமிரேல்லை, தினமும் அப்பம்மா எண்ணெய் பூசி இழுத்து இழுத்துப் பயிற்சி குடுக்கிறா. இந்தமுறை பொங்கல் அண்டு படைச்சு முடிஞ்ச கையோட அவவும் நானும் விளக்குமாறும் ரெண்டு தண்ணி வாளியும் கொண்டு ஒழுங்கைக்கு இறங்கப் போறம், நூந்த வெடி முழுக்க அள்ளி இரவிரவா ஊறவைச்சுத்தான் எறியிறது. மற்ற ஒழுங்கையளிலும் ஆராவது ரெண்டு பேர் இறங்கினால் நல்லம், பொழுதுபட முன்னம் செய்யுங்கோ, பொடியள் எங்களை விட விடியவே எழும்பிடுவாங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
கோண்டாவில்.